இரண்டு தழும்புகளும் ஒரு கண்ணாடிப் பெட்டியும்

துப்பாக்கியை நான் கையால் தொட்டதில்லை. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு, பதிப்புகளில் பாடபேதமும் இடைச்செருகலும் தேடியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். இதை எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், 'துப்பாக்கிக்கும் ஒனக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. ஒரு பொருளைக் காட்டி 'இது அசல்' என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்கிற கேள்வி, ஓலைக்கும் இரும்புக்கும் ஒன்றுதான்.

நான் எடுத்துக்கொள்ளும் 'பிரதி' சோவியத் செஞ்சேனையின் மோசின் நாகான் துப்பாக்கி. 1891இல் ஜார் ஆட்சியில் பிறந்து, 1930இல் திருத்தப்பட்டு 91/30 என்று பெயர் பெற்றது. முப்பதுகளில் இதன்மேல் நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பி.இ. வகை ஸ்கோப்பைப் பொருத்தி ஸ்னைப்பர் துப்பாக்கியாக்கினார்கள். பிறகு வந்த மூன்றரை மடங்கு பி.யு. ஸ்கோப் இதற்காகச் செய்யப்பட்டதே அல்ல, டோக்கரேவின் எஸ்.வி.டி. 40 என்ற அரைத் தானியங்கித் துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டது. அந்தத் துப்பாக்கி தூரத்துக் குறிக்குச் சரிப்படவில்லை. ஜெர்மன் படை உள்ளே வந்துவிட்ட 1942இல், கொச்செத்தோவ் என்பவர் வடிவமைத்த தாங்கியின் துணையோடு புது ஸ்கோப்பைப் பழைய மோசின்மேல் ஏற்றினார்கள். ஆக, 'அசல்' என்று இன்று கொண்டாடப்படும் பொருளே தொடக்கத்தில் ஓர் ஒட்டுவேலைதான். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தாங்கியின் அடித்தகடு துப்பாக்கி உடம்பின் இடப்புறச் சுவரில் இரண்டு பெரிய திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். திருகு கழன்றுவிடாமல் இருக்க அதைப் பூட்டும் சின்னத் திருகுகள் வேறு. தகட்டின் முன்புறம் ஓர் உருண்டை. அதன்மேல் தாங்கி உட்காரும். வால்பகுதியை மேலும் கீழுமாக இரண்டு திருகுகள் நெருக்கிப் பிடித்துக் குறியைச் சரிசெய்யும். ஸ்கோப் நேர் மேலே வந்துவிடுவதால் போல்ட்டின் கைப்பிடியைக் கீழ்நோக்கி வளைக்க வேண்டியதாயிற்று. ஐந்து தோட்டாவையும் கிளிப்பில் வைத்து ஒரே அழுத்தில் இறக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். பனியில் விரல் விறைத்துக் கிடந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சேகரிப்பாளர்களின் கையேடுகள் கேட்பதில்லை.

அவை கேட்பதெல்லாம் எண்களை. குழலின் அடிப்பகுதியில், இடப்புறம், ஸ்கோப்பின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். தாங்கியில் துப்பாக்கியின் எண். ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி. மூன்றும் பொருந்தினால் அசல் என்பார்கள். அம்பு தாங்கிய முக்கோணம் இஷெவ்ஸ்க் ஆலையைச் சொல்லும், அம்பு தாங்கிய நட்சத்திரம் தூலாவைச் சொல்லும். குழலில் 1938 என்றிருந்து அதன்மேல் பி.யு. தாங்கி உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும், அந்த ஏற்பாடே 1942இல் வந்தது என்பதால். மொழிநடையை வைத்து ஒரு பாட்டின் காலத்தை நாம் பின்னுக்குத் தள்ளுவதில்லையா, அந்த மாதிரி.

போர் முடிந்தபின் அரசே இந்தச் சாட்சிகளைக் கலைத்தது என்பதுதான் சிக்கல். படைக்கலக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைப் பிரித்து, பழுது பார்த்து, கட்டைக்கு அரக்கு பூசி, கிடைத்த போல்ட்டைக் கிடைத்த துப்பாக்கியில் போட்டார்கள். போல்ட்டிலிருந்த பழைய எண்ணை அரைத்தெடுத்தோ கோடு போட்டு அடித்தோ புது எண்ணைப் பொறித்தார்கள். சதுரத்துக்குள் ஒரு குறுக்குக்கோடு, பழுதுபார்த்ததற்கான முத்திரை. இப்படிப் 'பொருந்த வைக்கப்பட்ட' எண்களைப் பொய் என்று சொல்ல முடியுமா? ராணுவத்துக்கு வேண்டியது சுடுகிற துப்பாக்கி, வரலாற்றுச் சான்று இல்லை. மூலம், கலப்பு என்ற நம்முடைய எதிர்வு அந்தக் கிடங்கின் வாசலிலேயே உடைந்து விழுகிறது.

இன்னொரு வகையும் உண்டு. தேவைக்கு மிஞ்சிய ஸ்னைப்பர் துப்பாக்கிகளில் ஸ்கோப்பையும் தாங்கியையும் கழற்றிவிட்டு, திருகுத் துளைகளை அடைத்துப் பற்றவைத்து, தேய்த்துச் சமமாக்கி, சாதாரணக் காலாட்படைத் துப்பாக்கியாக்கி வைத்தார்கள். பலவற்றில் குழலிலிருந்த ஸ்கோப் எண் அடித்து அழிக்கப்பட்டிருக்கும். இடப்புறச் சுவரில் மங்கலாக இரண்டு வட்டத் தழும்புகள் மட்டும் மிஞ்சும். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் கிடங்குகள் திறந்துகொண்டன. மோசின்கள் பெட்டி பெட்டியாக அமெரிக்கச் சந்தைக்குப் போயின. அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்குமதி செய்தவரின் பெயரையும் இரும்பில் வெட்டினார்கள். ஒரே உலோகத்தில் ஆலை, கிடங்கு, வியாபாரி என்று மூன்று கையெழுத்து.

சந்தை வந்ததும் போலி வரும். சாதாரணத் துப்பாக்கியில் புதிதாகத் துளைபோட்டு, புதிதாக வார்த்த தாங்கியை மாட்டி, எண்ணும் அடித்துவிடுகிறார்கள். எழுத்தின் விளிம்பு கூராக இருப்பதிலும், எண்ணைச் சுற்றி இரும்பு லேசாகக் குழிந்திருப்பதிலும் பிடிபட்டுவிடும். எனக்குச் சுவாரசியமாகப் படுவது இதல்ல. தழும்புள்ள உண்மையான பழைய ஸ்னைப்பரை வாங்கி, பற்றவைப்பைக் குடைந்தெடுத்து, போலித் தாங்கியைப் பொருத்தி, 'மீட்டெடுத்தேன்' என்கிறார்களே, அதுதான். அந்தப் பொருளில் வரலாறு நிஜமாகவே பதிந்திருந்த ஒரே இடம் அந்தத் தழும்பு. அதை அழித்துத்தான் 'அசல்' உண்டாக்கப்படுகிறது.

இது வியாபாரிகளின் தந்திரம் என்று தள்ளிவிட வேண்டாம். அருங்காட்சியகமும் செய்கிறது. ஸ்டாலின்கிராடில் 1942 நவம்பர் 10 முதல் டிசம்பர் 17 வரை 225 பேரைச் சுட்டதாகக் கணக்கில் வைக்கப்பட்டவர் வாசிலி ஜைத்செவ். அவரைக் கொல்ல ஜெர்மனியிலிருந்து தேர்ந்த ஸ்னைப்பர் ஒருவர் அனுப்பப்பட்டார், நாள்கணக்கில் நடந்த ஒற்றைக்கு ஒற்றையில் ஜைத்செவ் வென்றார் என்பது கதை. எதிரியின் பெயர் ஒரு பிரதியில் கோனிக், இன்னொன்றில் தோர்வால்ட். மாஸ்கோவின் ராணுவ அருங்காட்சியகத்தில் அந்த ஜெர்மானியருடையது என்று ஒரு ஸ்கோப் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஆண்டனி பீவர் 1998இல் வெளியிட்ட நூலில் சுட்டிக்காட்டியபடி, ஸ்னைப்பர்களின் ஒவ்வொரு சாதனையையும் விடாமல் மேலிடத்துக்கு எழுதிய முன்னணி அறிக்கைகளில் இந்தச் சண்டை பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்கோப் அசலாகவே இருக்கலாம், கண்ணாடியும் எஃகும் ஜெர்மானியமாகவே இருக்கலாம். ஒரு ஸ்கோப் அசல் என்பதால் அதன் கதை அசலாகிவிடாது. கதையைச் சுமப்பது இரும்பு அல்ல, அட்டையில் எழுதி வைத்த சிட்டை.

ஜைத்செவ் வீரமாகப் போராடியது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நாஜிகளை நிறுத்திய அந்த நகரத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. கேள்வி வேறு: நாயகனுக்கு ஒரு சண்டையையே உண்டாக்கிக் கொடுக்க முடிந்த அரசுதான், மற்றவர்களின் துப்பாக்கியில் துளையை அடைத்தது. மாஸ்கோவுக்கு அருகே 1943இல் தொடங்கிய பெண்கள் ஸ்னைப்பர் பள்ளியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் போர்முனைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் ரோசா ஷானினா. அர்ஹாங்கெல்ஸ்கில் மழலையர் பள்ளி ஆசிரியை. 1944 ஏப்ரலில் முனைக்கு வந்தவர் 1945 ஜனவரி 28இல், கிழக்குப் பிரஷ்யாவில், இருபது வயதில் இறந்துபோனார். அவர் எழுதிய நாட்குறிப்பு இன்று அச்சில் இருக்கிறது.

கையேடுகளை எத்தனை முறை புரட்டினாலும் எண்ணை எண்ணோடு பொருத்தத்தான் அவை சொல்லித்தருகின்றன, எண்ணை ஆளோடு பொருத்த இல்லை. சிப்பாயிடம் கொடுத்த ஆயுதத்தைக் குறித்துவைக்க செஞ்சேனை வீரரின் சிறு புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் ஆளோடு போயிற்று, துப்பாக்கி கிடங்குக்குத் திரும்பியது. யாரோ ஒரு பெண் கன்னத்தைச் சாய்த்துக் காத்திருந்த கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறொரு கட்டையைப் போட்டு, இரண்டு துளைகளையும் அடைத்து, அரக்கு பூசி அடுக்கி வைத்தார்கள்.