தமிழ்ப் பக்கம் எளிமையான கதை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுவடி நூலகத்தில் நமக்குத் தலைகுனிவு ஒன்று நேர்ந்தது. தமிழில் முதுகலைப் பட்டம், பல்லாண்டு ஆசிரியப் பணி என்னும் மிதப்போடு ஓர் ஓலையைக் கையில் வாங்கினோம். ஒரு வரியைக்கூட முழுமையாகப் படிக்க இயலவில்லை. எழுத்துகள் சில புலப்பட்டன, சொற்கள் புலப்படவில்லை. அருகில் நின்ற சுவடிப் பயிற்சி பெற்ற பணியாளர் ஓலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத் தடையின்றிப் படித்தார். கேட்டபின்தான் தெரிந்தது, அது நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் பாட்டு என்று.

வீடு திரும்பும்போது ஓர் ஐயம் உடன் வந்தது. நமக்குப் பழந்தமிழ் படிக்கத் தெரியும் என்று எண்ணியிருந்தோமே, அது நம் புலமையா? அன்றி, நமக்கு முன்னிருந்தோர் நமக்காகச் செப்பனிட்டு வைத்த பக்கத்தின் உதவியா? நூல்களின் வரலாற்றையும் புலவர்களின் வரலாற்றையும் நிறையவே எழுதிவிட்டோம். அந்த நூல்கள் கண்ணுக்கு எளிதான வரலாற்றை அவ்வளவாகப் பேசியதில்லை. அதனைச் சுருக்கமாகத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓலையும் புள்ளியும்

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பதும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பியம் விதித்தவை. ஆயினும், நமக்குக் கிடைத்துள்ள ஏடுகளில் பெரும்பாலும் புள்ளியைக் காண்பதரிது. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக் கிழியும் என்று காரணம் கூறுவர். புள்ளி போனதும் குறிலும் நெடிலும் ஒன்றாயின. 'கொடி' என்று எழுதினாலும் 'கோடி' என்று எழுதினாலும் ஓலையில் ஒரே வடிவம். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை இல்லாமையால் 'பாவை' என்பதும் 'பரவை' என்பதும் ஒன்றுபோலவே தோன்றும். ஏட்டில் இருப்பது பெண்ணா, கடலா என்பதைப் படிப்பவர்தாம் இடம் நோக்கி முடிவு செய்ய வேண்டும்.

இவற்றோடு, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. அடிக்கு ஒரு வரி என்ற வழக்கமும் இல்லை. வெண்பாவும் உரைநடைபோல ஓலையின் ஓரம் வரை ஓடும். மூலம் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்பதைக்கூடத் தேடியே அறிய வேண்டும். இதனைக் குறையென்று அக்காலத்தார் கருதியிருக்க மாட்டார்கள். ஏடு அன்று நினைவுக்குத் துணையாக இருந்தது. ஆசிரியர் வாயால் பாடம் கேட்டு நெட்டுருச் செய்தவன், மறந்த இடத்தை நினைவூட்டிக்கொள்ளவே ஏட்டைப் புரட்டினான். ஆசிரியர் இல்லாதவனுக்கு ஏட்டின் வாயில் திறக்கவில்லை. இதைத்தான் நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

வாயில் திறந்தவர்கள்

ஆசிரியர் துணையின்றித் தேடிக் கண்டுகொள்ளும் வழிக்கு முதலில் உதவியவை அகராதிகள். நிகண்டுகள் செய்யுளால் ஆனவை; மனப்பாடம் செய்தவனுக்கே அவை பயன்படும். 1594-இல் சிதம்பரம் ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்தது. 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளாக அமைந்தது. சொல்லை மனத்தில் தேடியவன் இனி ஏட்டில் தேடலாம் என்றாயிற்று.

அவ்வீரமாமுனிவரே எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தால் வேறுபடுத்தியவர் என்று போற்றப்படுபவர். குறிலுக்குப் புள்ளி இடும் பழைய முறைக்கு மாறாக, நெடிலுக்குத் தனி அடையாளம் தந்தார். இன்று நாம் 'ஏ' என்பதன் காலையும் 'ஓ' என்பதன் சுழியையும், மேலே சுழித்த இரட்டைக் கொம்பையும் எண்ணிப் பாராமலே எழுதுகிறோம். இவ்வேறுபாடுகளை எல்லாரிடமும் கொண்டு சேர்த்தது பின்னர் வளர்ந்த அச்சுத்தான்.

அச்சுக்கும் தொடக்கத்தில் இடர்கள் இருந்தன. தமிழெழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் வெளியாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சகம் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழெழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது. ஆகவே சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன; புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவெய்தியது. எழுத்தின் அளவு குறைந்ததனால் நூல் கைக்கு அடங்கியது. பக்க அமைப்பு பல நேரங்களில் அழகைவிடச் செலவையே பொறுத்தது என்பதற்கு இது பழைய சான்று.

1835-இல் அச்சகங்களுக்கு இருந்த தடைகள் நீங்கியபின் சுதேசிகளின் அச்சுக்கூடங்கள் பெருகின. 1849-இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தம் அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். 1852-இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறைப்படக் கையாண்ட முன்னோடிகளுள் அவர் தலையாயவர். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் மேலைநாட்டுச் சரக்குத்தான். ஆனால் அவை செய்த பணி, முன்பு ஆசிரியரின் குரல் செய்த பணி. எங்கே நிற்பது, எங்கே மூச்சு வாங்குவது என்பதைத் தாளே சொல்லத் தொடங்கிற்று.

அடுத்து உ.வே. சாமிநாதையர். 1880-இல் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததும், அதன் விளைவாக 1887-இல் சீவகசிந்தாமணி வெளிவந்ததும் தமிழன்பர்கள் அறிந்த கதை. ஐயரவர்களை ஏடு தேடியவராகவே நாம் கொண்டாடுகிறோம். அவர் வாசகனைத் தேடியவரும் ஆவார். 1894-இல் வந்த புறநானூற்றில் பாடினோர், பாடப்பட்டோர் வரலாறுகளைச் சேர்த்தார். 1937-இல் வந்த குறுந்தொகையிலோ பதவுரை, முடிபு, கருத்து, விளக்கம், மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி என ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனிப் படிகள் அமைத்தார். அவசரக்காரன் கருத்தோடு நின்றுவிடலாம். ஆய்வாளன் ஒப்புமை வரை இறங்கலாம். ஒரே பக்கத்தில் இருவருக்கும் இடம் உண்டு.

1940-இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பில் வையாபுரிப் பிள்ளை வேறொரு மாற்றம் செய்தார். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்னும் நூல் வரிசையை விடுத்துப் பாடல்களைப் புலவர் வரிசையில் அமைத்தார். ஒரு சொல்லும் மாறவில்லை; வரிசைதான் மாறிற்று. அதனாலேயே, பல தொகைகளில் சிதறிக் கிடந்த கபிலரும் பரணரும் தனித்தனி ஆளுமைகளாக நம்முன் நின்றனர்.

சந்தி பிரித்தல் என்னும் வழக்கு

இவையனைத்தையும்விட வாதத்திற்கு இடமானது சொற்பிரிப்பு. பழைய முறையில் செய்யுளைச் சீர் பிரித்தே அச்சிடுவர். சீரின் எல்லையும் சொல்லின் எல்லையும் எப்போதும் ஒன்றாவதில்லை. ஒரு சொல்லின் தலை ஒரு சீரிலும் உடல் அடுத்த சீரிலும் கிடக்கும். யாப்பறிந்தவனுக்கு இது இன்பம், அறியாதவனுக்குத் திகைப்பு.

சென்னையில் ஏல நிறுவனம் நடத்திவந்த வணிகர் மர்ரே எஸ். ராஜம் 1950-களின் பிற்பகுதியில் இத்திகைப்பைத் தீர்க்க முனைந்தார். அவர் தொழில்முறைத் தமிழாசிரியர் அல்லர், ஆர்வலர். அறிஞர் குழு ஒன்றை அமர்த்தி, சங்க நூல்கள் முதலாகப் பல இலக்கியங்களைச் சந்தி பிரித்து, நிறுத்தக்குறிகள் இட்டு, மலிவு விலையில் வெளியிட்டார்.

நம் மாணவப் பருவத்தில் இப்பதிப்புகளை நாம் மதித்ததில்லை. அதற்கு நாம் சொன்ன காரணங்களும் வெறும் வறட்டுப் பிடிவாதம் அல்ல. 'நாடிது' என்பதை 'நாடு இது' என்று பிரித்தால் ஓர் அசை கூடிச் சீர் மாறிவிடும். 'எட்டு', 'தாமரை', 'வேங்கை' என்னும் பொதுமொழிகளை இலக்கணம் பயின்றோர் அறிவர். 'தாமரை' என்று சேர்ந்து நின்றால் மலர். 'தா மரை' என்று பிரிந்தால் தாவும் மான். இரண்டையும் ஒருங்கே கருதிப் புலவன் பாடியிருந்தால், பிரித்தவர் ஒரு பொருளை வாசகனுக்குத் தெரியாமலே களைந்துவிடுகிறார். பிரிப்பதும் ஒருவகை உரையெழுதுதலே. இக்கருத்தை இன்றும் நாம் கைவிடவில்லை.

ஆயினும் ஒரு மாணவன் அதன் மறுபக்கத்தைக் காட்டினான். முதலாண்டு வகுப்பில் புறநானூற்றுப் பாட்டொன்றைப் படிக்கச் சொன்னோம். சீர் பிரித்த பாடநூல். இரண்டு அடிக்குள் ஏழு இடத்தில் தடுக்கினான். வகுப்பு சிரித்தது. "தமிழ் படிக்க வந்தவனுக்குத் தமிழே படிக்கத் தெரியவில்லையா?" என்று நாமும் கேட்டுவிட்டோம். மறுவாரம் அவன் நூலகத்திலிருந்து பழுப்பேறிய மர்ரே பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்து அதே பாட்டைத் தங்குதடையின்றிப் படித்தான். படித்துவிட்டு, "ஐயா, அன்னிக்கு எனக்கு வார்த்தை தெரியாம இல்லீங்க. எங்க நிறுத்தறதுன்னுதான் தெரியல" என்றான். நாம் விடை கூறவில்லை. சுவடி நூலகத்தில் ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நம்முடைய நிலையும் அதுவேயன்றோ? அங்கே நம்மைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

எளிமைக்கு எல்லை

எளிமை எப்போதும் எதிர்ப்பைக் கடந்தே வந்திருக்கிறது. பெரியார் 1935-இல் குடிஅரசில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1978 அக்டோபரில்தான் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகள் மாறின. ஐகார ஔகாரங்களை அய், அவ் என்று எழுதும் முறை ஏற்கப்படவில்லை. நாம் பள்ளி சென்ற காலத்தில் புதிய வடிவங்களே பாடநூலில் இருந்தன. வீட்டுப் பரணில் இருந்த புத்தகங்களில் யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய 'லை'. சில நாள் முயன்றதும் இரண்டும் பழகிவிட்டன. எழுத்து மாறியதால் தமிழ் அழிந்துவிடவில்லை. பழைய வடிவத்தை மறந்தவர்க்குப் பழைய நூல்கள் சற்றே தொலைவாயின என்பதும் உண்மையே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. எளிமையாக்கியோருள் சிறந்தோர், தாம் கைவைத்த இடத்தை மறைக்கவில்லை. ஐயரவர்கள் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டினார். தம் முடிபை ஏற்காதவனுக்கும் மறுபாடத்தைத் தேரும் உரிமையை விட்டுவைத்தார். சந்தி பிரித்த பாட்டின் அருகே சீர் பிரித்த வடிவத்தையும் வைத்துவிட்டால் நம் பழைய வழக்குப் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தாள் சிறிது கூடுதலாகும், அவ்வளவே.

இப்போதெல்லாம் வகுப்பில் பாட்டை முதலில் சொல் பிரித்துக் கரும்பலகையில் எழுதுகிறோம். பொருள் விளங்கியபின் அதனை அழித்துவிட்டுச் சீர் பிரித்து எழுதி, ஓசையோடு படிக்கச் சொல்கிறோம். அரைமணி நேரம் கூடுதலாகிறது. தடுக்குவோர் இன்னும் இருக்கிறார்கள், சிரிப்போர் குறைந்துவிட்டனர்.