புள்ளிக்குள் ஒளிந்திருந்த பறக்கும் குண்டு



வரலாறு என்றதும் போர்க்களங்களும் படைத்தலைவர்களுமே நம் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றனர். மேசை முன் அமர்ந்து நிழற்படங்களை உற்று நோக்கியே போரின் போக்கில் பங்குகொண்ட ஒரு பெண்மணியைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். அவர் பெயர் கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித்.

இரண்டாம் உலகப் போரின்போது, இங்கிலாந்தின் மெட்மன்ஹாம் என்னும் சிற்றூரில் பிரித்தானிய விமானப்படையின் நிழற்பட ஆய்வு நிலையம் இயங்கியது. எதிரி நிலத்தின் மேல் பறந்த வேவு விமானங்கள் ஒரே இடத்தைச் சற்றே நகர்ந்து அடுத்தடுத்துப் படம் பிடித்தன. அத்தகைய இரு படங்களை இரட்டை வில்லைக் கருவியின் வழி ஒருசேரப் பார்த்தால், தட்டையான நிலம் மேடும் பள்ளமுமாய் எழுந்து நிற்கும். தொல்லியல் அறிஞர் டோரத்தி காரட் போன்றோரும் அங்குப் பணியாற்றினர். போருக்கு முன் விமான இதழொன்றில் எழுதிவந்த பாபிங்டன் ஸ்மித், விமானங்களை ஆராயும் பிரிவுக்குத் தலைமை தாங்கினார்.

பால்டிக் கடலோரத்தில் ஜெர்மானியர் அமைத்திருந்த பேனமுண்டே ஆய்வுக்களம் 1942 மே மாதத்திலேயே படத்தில் பதிவாகிவிட்டது. அங்கிருந்த விந்தையான வட்ட அமைப்புகள் எவை என அப்பொழுது எவருக்கும் விளங்கவில்லை. படம் கோப்புக்குள் சென்றது. படம் கையில் இருந்தது. அதனிடம் கேட்க வேண்டிய கேள்விதான் இல்லை.

அக்கேள்வி 1943 நவம்பரில் பிறந்தது. மிகச் சிறிய விமானம் ஏதேனும் தென்படுகிறதா எனத் தேடுமாறு அவரிடம் கூறப்பட்டது. பழைய படங்களை அவர் மீண்டும் எடுத்துப் பார்த்தார். சூன் மாதப் படத்தில், இறக்கை ஏறத்தாழ 6 மீட்டர் மட்டுமே அகலம் கொண்ட குட்டி விமானம் ஒன்று நின்றிருந்தது! கடலோரத்தில் சில சாய்வான அமைப்புகளும் தெரிந்தன. அவை தூர்வாரும் பணிக்கானவை என முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது. அவர் அம்முடிவை ஏற்கவில்லை. ஏவுதளங்களாக இருக்கக்கூடும் என்றார்.

நவம்பர் 28ஆம் நாள் பெர்லினைப் படமெடுக்கச் சென்ற வேவு விமானம், அங்கு மேகம் மூடியிருந்ததால் பால்டிக் கரைக்குத் திரும்பியது. அது கொணர்ந்த படத்தில், சாய்தளத்தின் மேல் சிறு சிலுவை வடிவம் ஒன்று இருந்தது. அதுவே வி-1 எனப்பட்ட ஆளில்லாப் பறக்கும் குண்டு. வட பிரான்சில் அதே காலத்தில் கண்டறியப்பட்டுவந்த, இலண்டனை நோக்கிய சாய்தளங்களின் நோக்கமும் அத்துடன் தெளிவாயிற்று. அத்தகைய 96 தளங்கள் இனங்காணப்பட்டு, டிசம்பர் முதல் தாக்கப்பட்டன.

ஆயினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. ஜெர்மானியர் எளிதில் கண்ணில் படாத எளிய தளங்களை அமைத்தனர். 1944 சூன் 13ஆம் நாள் முதல் குண்டு இலண்டனில் விழுந்தது. விரைவு விமானங்கள், தடுப்புப் பலூன்கள், ரேடார் உதவியுடன் கடற்கரையில் நிறுத்தப்பட்ட பீரங்கிகள் ஆகியவை சேர்ந்தே அவற்றை எதிர்கொண்டன. ஆகஸ்டு 28ஆம் நாள் வந்த தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளுள் நான்கே இலண்டனை அடைந்தன. எனினும் வி-1 குண்டுகளால் மாண்டோர் 6,000 பேருக்கும் மேல். முன்கூட்டியே கண்டதால் கிடைத்த மாதங்கள் இல்லாதிருந்தால் அவ்வெண்ணிக்கை இன்னும் உயர்ந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

இவ்வரலாற்றில் ஆசிரியராகிய என்னை ஈர்ப்பது ஒன்று உண்டு. முடிவு செய்து மூடிவைத்த படத்தை ஒருவர் மீண்டும் திறந்தார். தாம் கண்டதைத் தயங்காமல் கூறினார். நம் பிள்ளைகளிடம் விடை சரியா, தவறா என்று மட்டும் கேட்டு நின்றுவிடுகிறோம். "உனக்கு இதில் என்ன தெரிகிறது? எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?" என்றும் கேட்டுப் பழகுவோம். வகுப்பறையிலும் வீட்டிலும் ஒரு படத்தையேனும் அவர்களோடு அமர்ந்து பொறுமையாகப் பார்ப்போம்.