இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வணிகச் சட்டங்களும் பன்னாட்டு உடன்படிக்கைகளும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்தவை இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். பருத்தி நூல், மருத்துவக் கட்டுத்துணி, பால்கோவா ஆகியவை இவ்வட்டாரத்தின் பெயர்பெற்ற சரக்குகள். இவற்றின் விலையையும் சந்தையையும் உள்ளூர்க் கடைத்தெரு மட்டும் முடிவு செய்வதில்லை. இந்தியச் சட்டங்களும் இந்தியா ஏற்ற உடன்படிக்கைகளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

அரசமைப்பு அடிப்படை

பிற நாடுகளுடன் உடன்படிக்கை செய்யும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு உரியது. ஆனால் நடப்புச் சட்டத்தையோ குடிமக்கள் உரிமையையோ மாற்றும் உடன்படிக்கைக்கு நாடாளுமன்றச் சட்டம் தேவை. மாநிலப் பட்டியலில் அடங்கிய பொருள்களிலும் இதற்காகச் சட்டம் இயற்ற அரசமைப்பின் 253ஆம் உறுப்பு இடமளிக்கிறது.

பருத்தி நூலும் கட்டுத்துணியும்

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் இராஜபாளையத்தின் நூற்பாலைத் தொழிலுக்கு அடித்தளமிட்ட நிறுவனங்களில் ஒன்று. 1974இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தம், வளரும் நாடுகளின் நூலுக்கும் துணிக்கும் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் நாடுவாரியாக இறக்குமதி உச்சவரம்பு வைக்க அனுமதித்தது. 1995இல் உலக வணிக அமைப்பு தோன்றியபின் இந்த உச்சவரம்பு (கோட்டா) படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2005 சனவரி 1 முதல் முற்றிலும் நீங்கியது. அதன்பின் நாடுவாரி ஒதுக்கீடு இல்லாத சந்தையில் இந்திய ஆலைகள் விலையிலும் தரத்திலும் சீனா, வங்கதேசம் போன்ற நாடுகளுடன் போட்டியிட வேண்டியதாயிற்று.

உள்நாட்டிலும் நூற்பாலைகளுக்குக் கடமை உண்டு. கைத்தறி நெசவாளருக்காக, உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்பும் நூலில் ஒரு பங்கைச் சிட்டா நூலாக (கற்றையாகச் சுற்றிய நூலாக) கட்ட வேண்டும். அத்தியாவசியப் பொருள்கள் சட்டம், 1955 இதற்கு அடிப்படை. 50 விழுக்காடாக இருந்த அப்பங்கு 2003இல் 40 ஆகவும், 2019இல் 30 ஆகவும் குறைந்தது.

மூலப்பொருளும் அரசு முடிவுகளைச் சார்ந்ததே. 2021இல் இறக்குமதிப் பஞ்சுக்கு விதிக்கப்பட்ட வரி, ஆலைகளின் எதிர்ப்புக்குப்பின் 2022இல் தற்காலிகமாக நீக்கப்பட்டது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய–ஆஸ்திரேலிய வணிக ஒப்பந்தம், ஆண்டுக்கு 51,000 டன் ஆஸ்திரேலியப் பஞ்சை வரியின்றி இறக்குமதி செய்ய வழிவிட்டது.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. அறுவைச் சிகிச்சைக் கட்டுத்துணிகளை இந்தியாவின் மருத்துவச் சாதன விதிகள், 2017 கட்டுப்படுத்துகின்றன. ஐரோப்பாவில் விற்கும் சரக்கு, 2021 மே மாதம் முதல் அங்கு நடைமுறையிலுள்ள மருத்துவச் சாதன ஒழுங்குமுறைக்கும் உட்பட வேண்டும்.

பால்கோவாவும் புவிசார் குறியீடும்

உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை (டிரிப்ஸ்), ஊர்ப்பெயரால் அறியப்படும் சரக்குகளின் பெயரை, அதாவது புவிசார் குறியீட்டை, காக்க உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. சொந்த நாட்டில் பாதுகாக்கப்படாத பெயரைப் பிற நாடுகள் பாதுகாக்க வேண்டியதில்லை என்றும் அதன் 24ஆம் உறுப்பு கூறுகிறது. 1997இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று பாசுமதி அரிசி வகைகளுக்குக் காப்புரிமை பெற்றபோது, இந்தியாவில் இத்தகைய பெயர்களைக் காக்கத் தனிச்சட்டம் இல்லை. 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான பதிவகம் சென்னையில் இயங்குகிறது.

பாலையும் சர்க்கரையையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் இக்குறியீட்டைப் பெற்றது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். வேறிடத்தில் செய்ததை இப்பெயரில் விற்பது குற்றம். பெயருக்கு மட்டுமே இது காப்பு. விலைக்கோ விற்பனைக்கோ உறுதி தருவதில்லை.

காடும் வணிகமும்

இராஜபாளையத்தை அடுத்த அய்யனார் கோவிலை ஒட்டிய மலைக்காடுகள் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட வனப்பரப்பைச் சேர்ந்தவை. இவ்வணிலின் பன்னாட்டு வணிகத்தை, அருகிவரும் காட்டுயிர்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. 1976இல் இந்தியா அதில் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் தனி இயல், காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல்தான் சேர்க்கப்பட்டது.

வரம்பு

இந்தியப் புவிசார் குறியீட்டுப் பதிவு வெளிநாடுகளில் தானாகச் செல்லாது. பால்கோவாவின் பெயரை வேறொரு நாட்டில் காக்க விரும்புவோர் அந்நாட்டுச் சட்டத்தின் வழியே உரிமை கோர வேண்டும்.