கடல்நீரில் கரைந்த கடன்

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியின்மீது 1921ஆம் ஆண்டு நேசநாடுகள் சுமத்திய இழப்பீட்டுத் தொகை 13,200 கோடி தங்க மார்க். தாளில் அச்சடித்த பணத்தால் தீர்க்கக்கூடிய கடனல்ல அது. அதைத் தீர்க்கக் கடலையே கடைந்துவிட எண்ணினார் ஒருவர். அவர் பெயர் ஃப்ரிட்ஸ் ஹேபர்.

ஹேபரை நாம் இரண்டு விதமாக அறிவோம். காற்றிலிருக்கும் நைட்ரஜனை அமோனியாவாக்கி உரத்துக்கு வழிகோலியவர். அதற்காக 1918ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசைப் பெற்றவர். 1915இல் ஈப்ர போர்க்களத்தில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் பணியை முன்னின்று நடத்தியவரும் அவரே. காற்றிலிருந்து உரம் எடுத்தவருக்குக் கடலிலிருந்து பொன் எடுப்பது இயலாததாகத் தோன்றவில்லை.

நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் அரீனியஸ், ஒரு டன் கடல்நீரில் 6 மில்லிகிராம் பொன் இருப்பதாக 1903இல் கணித்திருந்தார். அக்கணக்கு மெய்யானால் உலகக் கடல்களில் கரைந்திருக்கும் பொன் சுமார் 800 கோடி டன்!

ஹேபரின் முறை நம் பொற்கொல்லர்களுக்கு அந்நியமானதன்று. கடல்நீரில் ஈய உப்பைக் கலந்து சல்ஃபைடாகப் படியச் செய்தால், படியும் ஈயம் பொன்னையும் தன்னோடு இழுத்து வரும். அதைப் புடமிட்டு ஈயத்தை அகற்றினால், கண்ணுக்குப் புலப்படாத பொன்மணி ஒன்று எஞ்சும். அதன் விட்டத்தை நுண்ணோக்கியில் அளந்து எடையைக் கணக்கிட வேண்டும். 1923இல் 'ஹான்சா' என்னும் பயணிகள் கப்பலில் இரகசியமாக ஆய்வுக்கூடம் அமைத்து, ஹாம்பர்கிலிருந்து நியூயார்க் வரை அட்லாண்டிக் நீரை அளந்துகொண்டே சென்றார் ஹேபர். பின்னர் பல கடல்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான மாதிரிகள் பெர்லினுக்கு வந்து சேர்ந்தன.

அளவீடு நுட்பமாக ஆக, பொன் குறைந்துகொண்டே போனது. முன்பு கண்ட பொன்னில் ஒரு பகுதி கடலுடையதன்று. சோதனைக்குப் பயன்பட்ட இரசாயனங்களிலும் பாத்திரங்களிலும் ஒட்டியிருந்தது. உண்மையில் கடலில் இருந்தது எதிர்பார்த்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. 1927இல் அந்த முடிவை ஒளிக்காமல் வெளியிட்டார். இன்றைய அளவீடுகளோ அதையும் பன்மடங்கு மிகையென்கின்றன: 10 கோடி டன் நீருக்கு ஏறத்தாழ ஒரு கிராம். எந்த நாட்டின் கடனைக் கடலைக் கொண்டு அடைக்க முயன்றாரோ அந்த நாடே, யூதராகப் பிறந்த அவரை 1933இல் வெளியேற வைத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் பாசல் நகரில் காலமானார்.

கதை இங்கே முடிந்துவிடவில்லை. ஹேபர் கப்பலேறிய அதே 1923இல், அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஈயம் கலந்த பெட்ரோல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. நாற்பதாண்டு கழித்து, பூமியின் வயதைக் கணித்த கிளேர் பாட்டர்சன் கடல்நீரில் ஈயத்தைத் தேடினார். காற்றிலும் உடையிலும் கையிலும் படிந்த ஈயம் மாதிரியைக் கெடுத்துவிடும் என்பதை அறிந்து, தூசி புகாத ஆய்வுக்கூடத்தை முன்பே அமைத்திருந்தார். 1963இல் தட்சுமோட்டோவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட முடிவு: கடலின் அடியாழத்தைவிட மேற்பரப்பில் ஈயம் மிகுதி. மேல்நீர் அடியாழத்தோடு கலக்க நூற்றாண்டுகள் ஆகும். ஆகவே மேலே நிற்கும் ஈயம் அண்மையில் வந்தது. மனிதர் வாகனங்களில் எரித்தது.

இந்தக் கண்டுபிடிப்பு பெட்ரோலியத் துறைக்கு உவப்பாக இல்லை. பாட்டர்சனுக்கு வந்துகொண்டிருந்த நிதியுதவி நின்றது. அவர் பின்வாங்கவில்லை. வாகன பெட்ரோலில் ஈயத்தை இந்தியா 2000இல் கைவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் கைவிட்டது. அட்லாண்டிக்கின் மேல்நீரிலும் ஈயம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

மாதிரியில் கலந்த மாசு ஹேபரின் பொற்கனவைக் கலைத்தது. பாட்டர்சனோ அந்த மாசையே பின்தொடர்ந்தார். அது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடாமல் நம் வீதிக்கும் மூச்சுக்காற்றுக்கும் அவரை இட்டுச் சென்றது. கடல் பொன்னைத் தரவில்லை. நாம் அதில் கொட்டியது எவ்வளவு என்ற கணக்கை மட்டும் பத்திரமாக வைத்திருந்து காட்டியது.