மடுல்சீமைக்கு வந்த எமிலி

ஊவாவின் வரலாற்றை மாற்றியவர்கள் என்று ஒரு பட்டியல் எழுதச் சொன்னால், எமிலியையே முதலில் எழுதுவேன். எமிலி ஒரு பங்கசு என்பதைத் தவிர வேறு ஆட்சேபணை இருக்கமுடியாது.

1869ஆம் ஆண்டு பதுளைக்கு அப்பால் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்லி என்ற பங்கசு நிபுணர் 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். பின்பாதி லத்தீனில் 'நாசம் செய்பவள்' என்று பொருள்படும். லத்தீன் வாயில் நுழையாத துரைமார் 'நாசகார எமிலி' என்றே அழைக்கலாயினர். குடிகெட்டால் ஒரு பெண்ணின் தலையில் பழியைப் போடும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று.

வானிலை கோளாறு, மண்ணில் சத்தில்லை என்று துரைமார் ஆளுக்கொரு காரணம் கூறினர். 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி, தோட்டங்களில் கண்ணாடித் தகடுகளை வைத்துக் காற்றில் வந்த வித்திகளைப் பிடித்துக் காட்டினார். மலைக்கு மலை ஒரே பயிரை நட்டதே எமிலிக்கு வைத்த விருந்து என்றார். மருந்து கேட்டவர்களுக்கு விளக்கம் கிடைத்தது; மகிழ்ச்சியடைவார்களா?

1878இல் 2,75,000 ஏக்கராக இருந்த கோப்பி அழிந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கியும் மூடப்பட்டது. பட்ட கோப்பி மரங்கள் இங்கிலாந்தில் தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின என்றொரு கதை உண்டு. எமிலியால்தான் ஆங்கிலேயர் தேநீருக்கு மாறினர் என்பதோ வெறும் கட்டுக்கதை. அவர்கள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தேநீர்ப் பிரியர்கள்.

எமிலி மாற்றியது நம்மவர் வாழ்வை. கோப்பிப் பழம் பறிக்கத் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர், பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆகவே பெண்டு பிள்ளைகளுடன் லயன்களிலேயே தங்கவேண்டியதாயிற்று. அங்கே பிறந்து, பெற்று, மடிந்த தலைமுறைகளிடம்தான் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டது. பதிவுப் பத்திரம் இல்லாதவன் எதைக் காட்டுவான்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே வழி பிறந்தது.

எமிலியிடம் எவரும் பத்திரம் கேட்கவில்லை. 1970இல் அவள் பிரேசிலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.