வீட்டைவிடப் பெரிய அபராதம்

2008 நெருக்கடியில் அமெரிக்காவில் வங்கிகள் ஜப்தி செய்த வீடுகள் ஏராளம். ஆளில்லாத வீட்டில் புதர் மண்டினால் நகராட்சி அபராதம் போடும். அது ஏறிக்கொண்டே போய் வீட்டு விலையையே முழுங்கிவிட்டால் யார் வாங்குவார்? கொஞ்சம் குறைத்தால்தானே ஆள் வரும்!

தர்மபுரிக்கு இந்தக் கணக்கு பழசு. 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ, தர்மபுரியில் தங்கி நிலவரி வசூலித்தார். தீர்வை தாங்காவிட்டால் விவசாயி நிலத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். தரிசிடம் யார் வசூலிப்பது?

பிற்பாடு கடப்பை, பெல்லாரிப் பக்கம் கலெக்டராக இருந்தபோது, 1807-ல், தீர்வையில் நாலில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்லி எழுதினார். கஜானா குறையுமே! மேலிடம் மசியவில்லை. 1820-ல் மன்றோவே சென்னை கவர்னராக வந்தார். அதன் பிறகுதான் அந்தச் சீமைக்குக் குறைப்பு கிடைத்தது.