போலி ஆன்டிவைரஸ் வணிகம்: எழுச்சியும் சரிவும்

கணினி வைரஸைவிட அதைப் பற்றிய அச்சம் வேகமாகப் பரவும் என்பது 1992ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. அவ்வாண்டு மார்ச் 6ஆம் நாள் மைக்கலாஞ்சலோ என்னும் வைரஸ் செயல்படத் தொடங்கி லட்சக்கணக்கான கணினிகளின் தகவல்களை அழித்துவிடும் என்று செய்தி ஊடகங்கள் எச்சரித்தபோது, அமெரிக்காவில் ஆன்டிவைரஸ் விற்பனை திடீரென உயர்ந்தது. அந்நாளில் உண்மையில் பழுதான கணினிகளோ அஞ்சியதில் மிகச் சிறு பங்குதான். அன்று விற்றவை உண்மையான மென்பொருள்கள்தாம். எனினும், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி மிரட்டினால் மக்கள் பணம் கொடுப்பார்கள் என்பதற்கு அதுவே முதல் பெரிய சான்றாக அமைந்தது.

அச்சத்தை மட்டுமே சரக்காகக் கொண்ட வணிகம் உருவாக மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2004இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கு வெளியிட்ட இரண்டாம் மேம்பாட்டுத் தொகுப்பு, பாதுகாப்புக் குறைகளைக் கேடயச் சின்னத்துடன் திரையின் ஓரத்தில் அறிவிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. பயனரைக் காக்க எழுந்த அந்தச் சின்னத்தையும் அறிவிப்பின் நடையையும் மோசடிக்காரர்கள் அப்படியே நகலெடுத்தனர். இல்லாத வைரஸ்களை இருப்பதாகக் காட்டி, அவற்றை நீக்கப் பணம் கேட்கும் இத்தகைய மென்பொருள்களுக்கு 'ஸ்கேர்வேர்' என்ற பெயர் நிலைத்தது. வாஷிங்டன் மாநில அரசு தனது உளவுமென்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2006 ஜனவரியில் தொடுத்த முதல் வழக்கே இத்தகைய ஒரு மென்பொருளின் மீதுதான். அவ்வாண்டின் இறுதியில் அவ்வழக்கு பத்து லட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

இவ்வணிகத்தின் முழு வளர்ச்சியைக் காண வேண்டுமானால், பெலீஸ் நாட்டில் பதிவு பெற்று உக்ரைனின் கீவ் நகரில் இயங்கிய இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங் நிறுவனத்தைப் பார்க்க வேண்டும். வின்ஃபிக்ஸர், எரர்சேஃப், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் எனப் பெயரை மாற்றி மாற்றி அது ஒரே ஏமாற்றை விற்றது. சிகாகோவில் 2010 மே மாதம் பதிவான குற்றப்பத்திரிகையின்படி, இக்கும்பல் கற்பனையான விளம்பர முகமை நிறுவனங்களை உருவாக்கி, அவற்றின் வழியாக மதிப்புமிக்க இணையதளங்களிலேயே விளம்பர இடம் பெற்றது. அந்த விளம்பரங்களில் ஒளிந்திருந்த நிரல், வாசகரை அவர் அறியாமலேயே போலிச் சோதனைப் பக்கத்துக்கு இழுத்துச் சென்றது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பத்து லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள், ஒவ்வொன்றும் 30 முதல் 70 டாலர் வரையிலான விலையில் விற்கப்பட்டதாகவும், இழப்பு பத்துக் கோடி டாலருக்கு மேல் என்றும் அப்பத்திரிகை கூறியது. அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் இதே கும்பல் மீது 2008 டிசம்பரில் தொடுத்திருந்த வேறொரு வழக்கில், 2012இல் 16.3 கோடி டாலர் செலுத்துமாறு தீர்ப்பு வந்தது.

போலிச் சோதனை என்பது பெரும்பாலும் நகரும் படமே அன்றி வேறில்லை. ஓர் இணையப் பக்கம் தானாகவே பயனரின் வன்தட்டு முழுவதையும் ஆராய்ந்து வைரஸ்களின் பட்டியலைத் தர இயலாது என்னும் எளிய உண்மையை அறிந்திருந்தால், இம்மிரட்டலுக்கு யாரும் இரையாகியிருக்க மாட்டார்கள். ஆப்பிள் கணினியில் உலவியவருக்கும் 'சி' வட்டில் வைரஸ் இருப்பதாக விண்டோஸ் சாளரம் தோன்றியது இந்த நாடகத்தின் நகைச்சுவைப் பகுதி; 2011இல் வந்த மேக் டிஃபென்டர் அந்தக் குறையையும் சரிசெய்துகொண்டு, ஆப்பிள் பயனர்களுக்கென்றே வேடம் தரித்தது.

இத்தொழிலின் உயிர்நிலை நிரலில் இல்லை, கடன் அட்டையில் இருந்தது. ஏமாற்றப்பட்டவர் தம் வங்கியிடம் முறையிட்டுச் செலுத்திய தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டுக்குச் சார்ஜ்பேக் என்று பெயர். இத்தகைய முறையீடுகள் அளவுமீறினால் வணிகரின் அட்டைக் கணக்கே முடக்கப்படும். ஆகவேதான் மோசடிக் கும்பல்கள் தொலைபேசி உதவி மையங்களை நடத்தி, கோபத்துடன் அழைத்தவர்களைச் சமாதானப்படுத்தவும், அது பலிக்காதபோது பணத்தைத் திருப்பித் தரவும் செய்தன. அதனை நேர்மை என்று கொள்வதற்கில்லை. மூன்று கும்பல்களின் கணக்குகளை ஆராய்ந்து, அவை 13 கோடி டாலருக்கு மேல் ஈட்டியதைக் காட்டிய கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா ஆய்வாளர்களும் இந்தத் திருப்பிக் கொடுத்தலின் தந்திரத்தை 2011இல் வெளிப்படுத்தினர். அதே ஆண்டு ஜூன் மாதம், 9,60,000 பேரிடம் 7.2 கோடி டாலர் பறித்த ஒரு கும்பலின் கணினிகளை அமெரிக்கப் புலனாய்வுத் துறையும் பிற நாட்டுக் காவல் துறைகளும் கைப்பற்றின. பணம் பெறும் வழிகளும் அடைபடவே, பழைய வடிவிலான தொழில் விரைவில் தளர்ந்தது.

ஆனால் மிரட்டல் வேறு உருக்கொண்டது. 2012 அக்டோபரில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்த ஆறு கும்பல்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து இயங்கியவை. கணினி நிறுவன ஊழியர்களைப் போல் தொலைபேசியில் பேசி, விண்டோஸில் இயல்பாகவே பதிவாகும் பிழைக்குறிப்புகளை வைரஸின் தடயங்கள் என்று நம்ப வைத்தவை. புகழ்பெற்ற கடைகளும் இதற்கு விலக்கல்ல. ஆஃபீஸ் டெப்போ கடைகளில் பல ஆண்டுகள் நடந்த இலவசக் கணினிச் சோதனையில், தொடக்கத்தில் கேட்கப்பட்ட நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு வாடிக்கையாளர் 'ஆம்' என்றாலே தீய மென்பொருளின் அறிகுறி இருப்பதாக முடிவு வந்தது. அவ்வாணையத்துடன் 2019இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அந்நிறுவனம் 2.5 கோடி டாலரும், மென்பொருளை வழங்கிய சப்போர்ட்.காம் ஒரு கோடி டாலரும் செலுத்தின.